பத்து கிராம் கல்பாசியை எதில் நிறுப்பது?

எடையளவு முத்திரை அதிகாரிகளுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக் கிராமங்களின் மளிகைக் கடைகளில் எடைச் சண்டை ஓய்ந்தபாடில்லை. கடைக்காரர் கையை வைக்கிறார் என்று வாங்குபவருக்குச் சந்தேகம். வாங்குவதே இத்துனூண்டு, அதில் வம்பு வேறு என்று கடைக்காரருக்கு எரிச்சல். பெரும்பாலும் இருவர்மேலும் குற்றமில்லை, தராசுதான் காரணம். அது உங்களுக்கும் தெரியும், தராசைச் சோதித்து முத்திரை வைப்பவர்கள் நீங்கள்தானே.

கடைகளில் பரவலாக இருப்பது 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு. எண் ஐந்தைந்து கிராமாகத்தான் ஏறும். நிறுக்கத்தக்க குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று அதன் தகட்டிலேயே போட்டிருக்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் அது போதும். ஆனால் இங்கே குழம்புக்கு வாங்குவது கல்பாசி 10 கிராம், மராட்டி மொக்கு 10, அன்னாசிப்பூ 10, மிஞ்சினால் சோம்பு 50. தராசில் எந்தக் கோளாறும் இல்லாவிட்டால்கூட 7.6 கிராமுக்கும் 10 என்றே காட்டும், 12.4 கிராமுக்கும் 10 என்றே காட்டும். பயன்பாட்டில் இருக்கும் இத்தகைய தராசுக்கு, இரண்டரை கிலோ வரை, 5 கிராம் பிழையை விதியே பொறுத்துக்கொள்கிறது. பத்தில் ஐந்து! ஏலக்காய் கிலோ 3,000 ரூபாய் என்றால் 2 கிராம் குறைவது 6 ரூபாய். பொட்டலக் காகிதத்தின் எடையைக் கழிக்கப் பொத்தான் இருந்தும் அதை அழுத்துபவர் குறைவு.

கடைக்காரருக்கும் நட்டம் உண்டு. சுழியில், அதாவது பூச்சியத்தில், நிற்கும் தராசில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால், தானே சுழியைத் திருத்திக்கொள்ளும் வசதி அதை விழுங்கிவிடும். எண் அசையவில்லையே என்று அவர் இன்னும் அள்ளிப் போடுவார். மேலே மின்விசிறி சுழன்றாலோ, தராசின் மட்டம் காட்டும் குமிழ் நடுவில் நில்லாமல் மேசை சாய்ந்திருந்தாலோ, அந்தக் கணக்கு தனி.

ஆகவே வேண்டுவது இதுதான்: ஊராட்சிதோறும் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை முகாம் நடத்துங்கள், சில்லறை மசாலா விற்கும் கடையில் சிறு எடைக்குத் தனித் தராசு இருக்கச் செய்யுங்கள். அரை கிராம் வீதம் ஏறும் 3 கிலோ தராசுக்குக் குறைந்தபட்சம் 10 கிராம். பிரச்சினை அத்தோடு தீரும்.

எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கொரு முறை மறுமுத்திரை என்பது விதி. பழுது பார்க்க முத்திரையை உடைத்தால் மறுபடியும் முத்திரை. கண்டனூர்ப் பக்கத்துச் சிற்றூர்க் கடைக்காரர் முத்திரைக்காகத் தராசைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினால், அன்றைக்குக் கடையில் எதைக் கொண்டு நிறுப்பார்? கண்ணளவுதான். முன்பு கல்லாப் பக்கத்தில் சின்னக் கைத்தராசும் பித்தளைக் கற்களும் கிடந்தன. அதை ஒழித்து நவீனமாகிவிட்டோம், வாழ்த்துகள். வாடிக்கையாளர் திருப்திக்குக் குளிர்சாதனமும் கண்ணாடி அலமாரியும் வேண்டும் என்று பாடம் எடுப்பவர்கள் ஒருநாள் இங்கே வந்து 50 கிராம் மிளகு வாங்கிப் பார்க்கலாம். கடன் நோட்டுப் போட்டு, பண்டத்தையும் நல்லதாகக் கொடுக்கிற கடையைக்கூட, எடையில் ஒரு முறை சந்தேகம் வந்துவிட்டால் சனங்கள் விட்டுவிடுகிறார்கள். காரைக்குடிக்குப் போய் எடை அச்சடித்த பாக்கெட் வாங்குகிறார்கள்.

வார்த்தை சற்றுக் காரமாகிவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது முகாமும் சிறு தராசும்தான். முகாம் தேதியை ஊராட்சிப் பலகையில் ஒரு வாரம் முன்னதாக ஒட்டச் சொல்லுங்கள். வாங்குபவர் கண்ணில் படும்படி சரிபார்ப்புச் சான்றிதழை மாட்டவும் கடைக்காரர்களிடம் சொல்லுங்கள். வரும்போது தயவுசெய்து 10, 20, 50 கிராம் சோதனைக் கற்களையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு மளிகை நுகர்வோர்