வேலையை விடப்போகும் தம்பி, தங்கைகளுக்கு

சேலம் ஐந்து ரோடு ஷோரூம், சீலநாயக்கன்பட்டி குடோன், ஏற்காட்டு ரிசார்ட் கவுண்டர் என்று எங்கெங்கோ வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

காலையிலிருந்து ராத்திரி வரை அதே பில், அதே ஸ்டாக் நோட்டு. வெறுத்துப்போவது நியாயம்தான், விடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு போனை அணைத்துவிடுகிறீர்களே, அங்கேதான் வினை. ரிலீவிங் லெட்டர் வராது. அடுத்த கம்பெனி விசாரித்தால் "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்றுதான் பதில் போகும்.

ராஜினாமாக் கடிதத்துக்கு நாலு வரி போதும்: பெயர், பணியாளர் எண், இன்றைய தேதி, கடைசியாக வேலைக்கு வரும் தேதி. மேனேஜரைத் திட்டி எழுதுவதெல்லாம் வீண். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மெயிலில் அனுப்பி, ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம் எவ்வளவு, கொடுக்காவிட்டால் பிடிப்பது அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். கம்பெனி உங்கள் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்திருந்தால், முதலில் அது கைக்கு வரட்டும்.

அதிகம் அலையவிடுவது பி.எஃப்.தான். நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி பி.எஃப். தளத்தில் பதியாவிட்டால் பணம் அப்படியே நிற்கும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, யூ.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து அந்தத் தேதியை நீங்களே போடலாம். தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு.

நம் ஊரில் இன்ஷியல் ஒரு தனி வம்பு. ஆதாரில் "பிரகாஷ் கே", பி.எஃப். கணக்கில் "பிரகாஷ் கந்தசாமி", பேங்கில் "கே பிரகாஷ்" என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். சில திருத்தங்களை நீங்களே செய்துகொள்ளலாம், சிலவற்றுக்குக் கம்பெனி ஒப்புதல் வேண்டும். மேஜையைத் தட்டிவிட்டு வந்த இடத்தில் ஒப்புதல் எந்த வேகத்தில் வரும்? வேலையில் இருக்கும்போதே சரிபண்ணிவிடுங்கள்.

பணத்தை எடுத்து பைக் வாங்குவதைவிட, புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றுவதே லாபம். ஐந்து வருடம் ஆகாமல் ரூ.50,000-க்கு மேல் எடுத்தால், பான் கொடுத்திருந்தாலும் 10% வரி பிடிப்பார்கள். பி.எஃப்.போடு சேர்ந்த மாத பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த வருடக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

போனஸை யாரும் கேட்பதே இல்லை. இருபது பேருக்குக் குறையாத நிறுவனம், மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள், அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை என்றால், தீபாவளிக்கு முன்பே நின்றிருந்தாலும் உங்களுக்குப் பங்கு உண்டு. போனஸுக்குக் கணக்கிடும் சம்பளத்தில் குறைந்தது 8.33%.

ஐந்தாவது வருடத்தில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் முடிந்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 200-வது நாளில் கோபம் வந்தால் காலண்டரைப் பாருங்கள்.

இன்னொன்று: கம்பெனி கொடுத்த சிம் நம்பரை ஆதாரிலோ யூ.ஏ.என்.னிலோ கொடுத்திருந்தால், சிம்மைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் உங்கள் சொந்த நம்பருக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அந்த ஆபீசுக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் பார்ப்போர் சிலர்,
சேலம்.