முசியாலாவின் ஆட்டத்தை ரத்தத்தில் தேட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் விளையாட்டுப் பகுதியில் தொடங்கியிருக்கும் இளம் கால்பந்து வீரர்கள் பற்றிய தொடரின் முதல் கட்டுரையைப் படித்தேன். ஜெர்மனியின் ஜமால் முசியாலாவை முதல் ஆளாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தமிழில் ஐரோப்பியக் கால்பந்து பற்றி எழுதப்படுவதே குறைவு. எழுதினாலும் மெஸ்ஸி, ரொனால்டோ என்ற இரு பெயர்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். அந்த வகையில் தங்கள் முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கட்டுரையின் இரண்டு இடங்களை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய வேகமும் நெளிவும் நைஜீரிய வம்சாவளித் தந்தையிடமிருந்து வந்தவை, ஒழுங்கும் கட்டுப்பாடும் ஜெர்மானியத் தாயிடமிருந்து வந்தவை என்று ஓர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. தன்னை வளர்த்து ஆளாக்கிய இங்கிலாந்தை உதறிவிட்டுப் போய்விட்டார் என்று இன்னோர் இடத்தில் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. இரண்டும் அவருடைய தொடக்க கால வாழ்க்கையோடு பொருந்தவில்லை.

முசியாலா 2003 பிப்ரவரி 26 அன்று ஸ்டுட்கார்டில் பிறந்தவர். சிறு வயதில் ஃபுல்டா நகரில் இருந்தார். அங்கே லேனர்ஸ் என்ற சிறிய கிளப்பில்தான் பந்தாடத் தொடங்கினார். தாயின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு ஏழு வயது. எட்டு வயதில் லண்டனில் செல்சி கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பதினாறு வயது வரை அங்கேதான் வளர்ந்தார். அவர் காலில் இன்று நாம் பார்க்கும் ஆட்டத்தின் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில் உருவானது.

அவர் ஆடுவதைக் கூர்ந்து பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். வெட்டவெளியில் நேர்க்கோட்டில் ஓடித் தப்பிக்கும் ஆட்டம் அல்ல அவருடையது. நெரிசலான நடுக்களத்தில், இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே, எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குவார். பந்து வந்து சேர்வதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவார். பிறகு அரைத் திருப்பம், மிகச் சிறிய தொடுகைகள். பந்து காலைவிட்டு விலகவே விலகாது. எதிராளி காலை நீட்டும் வரை பொறுத்திருந்து, நீட்டிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளியில் புகுந்துவிடுவார். எப்போது தொட வேண்டும், எவ்வளவு நேரம் தொடாமல் காத்திருக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு ஆயிரக்கணக்கான மணி நேரப் பழக்கத்தில் வருவது. ஒல்லியான உடம்போடு, தன்னைவிட வலுவான பிள்ளைகளுக்கு நடுவே பந்தைக் காப்பாற்றிக் காப்பாற்றிக் கற்ற வித்தை அது. அதைத் தந்தையின் வம்சாவளிக்கு எழுதிவைத்தால் அந்தச் சிறுவனின் உழைப்பும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர்களின் உழைப்பும் கணக்கில் வராமலே போய்விடுகின்றன.

இந்தப் பழக்கம் தங்கள் கட்டுரையாளரிடம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தோடு இணைந்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் முதல்நிலை லீக்குகளில் நடந்த 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை அது ஆராய்ந்தது. புத்திக்கூர்மைக்காகவும் உழைப்புக்காகவும் பாராட்டப்பட்டவர்கள் அதிகமும் வெளுத்த நிறத்தவர்கள். உடல் வலிமை, வேகம் என்று பேச்சு வந்தபோது பெரும்பாலும் கறுத்த நிறத்தவர்கள் குறிப்பிடப்பட்டார்கள். வாரம் முழுக்க ஆட்டங்களைப் பார்த்துப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இப்படி நேர்கிறது. கலப்பு வம்சாவளி வீரர் என்றால் ஒரே ஆளையே இரண்டாகப் பிரித்து, இந்தக் குணம் இவருடையது, அந்தக் குணம் அவருடையது என்று பங்கு போட்டுவிடுகிறோம். எழுதும்போது நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி இங்கிலாந்தை உதறிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2019இல் பதினாறு வயதில் அவர் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்பில் சேர்ந்தார். பதினெட்டு வயது நிறையாதவரை ஒரு நாட்டின் கிளப்பிலிருந்து வேறொரு நாட்டின் கிளப்புக்கு மாற்ற, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகளில் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு உண்டு. பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்ததால் அவருக்கு அந்த வழி திறந்திருந்தது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபின் 2020 இறுதியோடு அந்த வழி ஆங்கிலக் கிளப்புகளுக்கு அடைபட்டுவிட்டது. அவரைவிட இரண்டு ஆண்டுகள் பிந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவே திறந்திருக்கவில்லை. இந்தப் பின்னணியைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

மியூனிக்கில் அவர் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கினார். 2020 ஜூன் 20 அன்று ஃப்ரைபர்க் அணிக்கு எதிராக, கொரோனாவால் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத அரங்கில், பயிற்சியாளர் ஹான்சி ஃப்ளிக் அவரைக் கடைசி நிமிடங்களில் களமிறக்கினார். வயது 17 ஆண்டு 115 நாள். அந்தக் கிளப்புக்காக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டெஸ்லிகாவில் ஆடிய மிக இளையவர் என்ற பெயர் அப்போது அவருக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், 2020 செப்டம்பர் 18 அன்று, ஷால்கேயை 8-0 என்று வென்றபோது தன் முதல் கோலை அடித்தார்.

அதே செப்டம்பர் 18 அன்றுதான் ஃபிஃபாவின் மாநாடு கூடி, வீரர்கள் தேசிய அணி மாறுவது பற்றிய விதியைத் தளர்த்தியது. இந்த விதிதான் கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி என்று கருதுகிறேன். அதற்கு முன்பு முதல்நிலைத் தேசிய அணிக்காக நட்பு ஆட்டம் அல்லாத ஒரு போட்டி ஆட்டத்தில் சில நிமிடங்கள் ஆடினாலே போதும், ஒரு வீரர் அந்த நாட்டோடு கட்டுண்டுவிடுவார். முனிர் எல் ஹத்தாதி 2014இல் ஸ்பெயினுக்காக மாசிடோனியாவுக்கு எதிராக 13 நிமிடங்கள் ஆடினார். அப்போது அவருக்கு 19 வயது. பின்னர் ஸ்பெயின் அவரை அழைக்கவில்லை. தன் தந்தையின் நாடான மொராக்கோவுக்காக 2018 உலகக் கோப்பையில் ஆட விரும்பி, விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றும் அனுமதி கிடைக்கவில்லை. விதி மாறிய பிறகு 2021இல்தான் மொராக்கோ சட்டையை அணிய முடிந்தது. பதின்மூன்று நிமிடங்களுக்கு ஆறரை ஆண்டுகள்!

புதிய விதியின்படி, 21 வயதுக்கு முன்பு மூன்று போட்டி ஆட்டங்களுக்கு மிகாமல் ஆடியவர்கள், மூன்று ஆண்டுகள் கழிந்தபின் வேறு நாட்டுக்கு மாறலாம். ஆனால் உலகக் கோப்பையிலோ யூரோ போன்ற கண்டக் கோப்பையிலோ இறுதிச் சுற்றில் ஒருமுறை களமிறங்கிவிட்டால் அந்த வாய்ப்பும் முடிந்தது.

முசியாலா 15 முதல் 21 வயதுக்குட்பட்டோர் வரை இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடியவர். இடையே ஜெர்மனியின் 16 வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆடியிருக்கிறார். நைஜீரியாவும் அவருக்குத் தகுதியுள்ள நாடுதான். 2021 பிப்ரவரி 24 அன்று, பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஜெர்மனிக்கு ஆடுவதாக அறிவித்தார். அப்போதே இரு நாடுகளும் தன் நெஞ்சில் இருக்கின்றன, தொடர்ந்து இருக்கும் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு ஜூன் 23 அன்று யூரோ கோப்பையில் ஹங்கேரியிடம் 1-2 என்று பின்தங்கி ஜெர்மனி வெளியேறும் நிலையில் இருந்தபோது 82வது நிமிடத்தில் உள்ளே வந்தார். இரண்டு நிமிடங்களில் அவர் பங்கெடுத்த ஒரு நகர்வில் கோரெட்ஸ்கா கோல் அடித்தார்; ஜெர்மனி தப்பித்தது. அந்தச் சில நிமிடங்களோடு இங்கிலாந்துக்கோ நைஜீரியாவுக்கோ ஆடும் வாய்ப்பு அவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் மூடிக்கொண்டது. வயது 18 ஆண்டு 117 நாள். இந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று தடுமாறிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேர்வைக்கூடப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு நாள் கழித்து லண்டன் வெம்ப்லியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதின. தான் வளர்ந்த நகரத்தின் அரங்கில், 90 நிமிடங்களுக்குப் பின் கூட்டித் தரப்படும் நிமிடங்களில் மாற்று வீரராக அவர் இறங்கினார். ஜெர்மனி 0-2 என்று தோற்றது. அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இத்தாலியிடம் பெனால்ட்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவர் மீதும் சமூக ஊடகங்களில் இனவெறி வசை கொட்டப்பட்டது. ஜெர்மனியின் கதையும் வேறல்ல. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் துருக்கிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து 2014இல் உலகக் கோப்பை வென்ற மெசூட் ஓசில், வென்றால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி வந்தவன் என்று 2018இல் எழுதிவிட்டுத் தேசிய அணியிலிருந்து விலகினார். எந்த நாட்டைத் தேர்ந்தாலும் இது காத்திருக்கிறது என்று அறிந்தே இந்தப் பிள்ளைகள் சட்டையை அணிகிறார்கள். அவர்களைப் பற்றி விசுவாசக் கணக்குப் பார்ப்பது பெரும் அநீதி என்று உறுதியாக நம்புகிறேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தேசிய அணித் தேர்வு விதி பற்றிய ஒரு சிறு குறிப்பை அடுத்த இதழில் வெளியிடுங்கள். தொடரின் அடுத்த வீரர் ஸ்பெயினின் லமின் யமால் என்று அறிவித்திருக்கிறீர்கள். தந்தை மொராக்கோவைச் சேர்ந்தவர், தாய் எக்குவடோரியல் கினியைச் சேர்ந்தவர் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். வாசகர்களுக்கு அது தெரிய வேண்டியதுதான். ஆனால் கட்டுரையின் பெரும்பகுதியை மட்டாரோ நகரின் ரோக்கஃபோண்டா என்ற உழைப்பாளர் குடியிருப்புக்கும், ஏழு வயதில் அவர் சேர்ந்த பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடத்துக்கும் ஒதுக்குங்கள். கோல் அடித்ததும் அவர் விரல்களால் 304 என்று காட்டுவாரே, அது அந்தக் குடியிருப்பின் அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று எண்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்