தேய்ப்பதற்கு முன் தடவிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் வந்தன. படகில் குறை சொல்ல அதிகமில்லை. நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் இருப்பதைப் பார்த்து, பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே.

ஃபைபர் படகின் மேல்தோல் பெயிண்ட் இல்லை, ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அச்சில் முதலில் அதைத்தான் அடிப்பார்கள், மேட் என்கிற கண்ணாடி இழைப் பாயெல்லாம் அதன் பிறகு. புதுப் படகிலேயே அதன் கனம் அரை மில்லிமீட்டர் சுற்றித்தான் இருக்கும். வெயில் பட்டுப் பட்டு மேற்பரப்பு மாவாகிறது. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டுகிறதா, தண்ணீர் தெளித்தால் பழைய நீலம் எட்டிப் பார்க்கிறதா, பார். இரண்டும் ஆமாம் என்றால் பாலிஷில் மீட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த அரை மில்லியில் கொஞ்சம் போகும், போனது வராது. முன்பு வைத்திருந்தவர் எத்தனை தடவை தேய்த்தாரோ! உள்ளே இருக்கும் மேட்டின் இழை வலைபோல நிழலாடும் இடத்தில் மெஷினை வைக்கவே வைக்காதே. அங்கே ஜெல்கோட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் நல்ல தண்ணீரில் கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, உப்பையும் மணலையும் போக்கு. ஒரு மணல் துகள் தேய்க்கும் பேடில் சிக்கினால் பக்கம் முழுக்கக் கீறல் விழும். கம்பிக்குக் கீழே வழிந்திருக்கும் துருக்கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் தூள் போதும். லிட்டருக்கு 50 கிராம் கரைத்துத் தடவி, ஐந்து பத்து நிமிடம் காயவிடாமல் வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசு. அது விஷம், கையுறை போட்டுக்கொள். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கமே போகாதே, ஸ்டீல் சாமான்களை அரித்துவிடும்.

எந்தப் பேப்பரில் தொடங்குவது என்று கேட்டாயே, பேப்பரே வேண்டாமென்றுதான் தொடங்கவேண்டும். ஒரு சதுர அடியில் வெறும் பாலிஷ் போட்டுப் பார். சரியாகவில்லையென்றால் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷைவிடக் கொஞ்சம் முரடான தேய்ப்புப் பசை. அதற்கும் மசியவில்லையென்றால் 1500 வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டுத்தான். எண் குறையக் குறையப் பேப்பர் முரடு. 800-க்கு இறங்கவேண்டியிருந்தால் அதைக் கிடைமட்டமாக, அடுத்த 1000-ஐச் செங்குத்தாக, 1500-ஐ மறுபடி கிடைமட்டமாகத் தேய். முந்தைய பேப்பரின் கோடு ஒன்றுகூடத் தெரியாத பிறகுதான் அடுத்ததை எடுக்கவேண்டும்.

மெஷின் விஷயத்தில்தான் பலர் படகைக் கெடுக்கிறார்கள். கையில் இருக்கிற நாலு அங்குல கிரைண்டரில் பேடை மாட்டிவிடுவார்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், ஜெல்கோட் கருகி மஞ்சளாகும். வேகம் கூட்டிக் குறைக்கும் பாலிஷர் வாடகைக்கு எடு. காம்பவுண்டைப் பிரஷ்ஷால் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் பூசி, 800 சுற்றில் பரப்பி, 1500-க்கு ஏற்று. காம்பவுண்டுக்குக் கம்பளி பேட், பாலிஷுக்கு ஃபோம் பேட். பேடைத் தட்டையாக வைத்து, நிறுத்தாமல் நகர்த்து. அணியத்து (படகின் முன்முனை) விளிம்பிலும் மூலைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு, மெஷின் முதலில் தின்பது அங்கேதான். உள்ளங்கையைப் படகில் வைக்க முடியாத அளவு சூடாக இருந்தால் வேலையே செய்யாதே. காம்பவுண்ட் நொடியில் காய்ந்து உதிரும்.

ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணாடிபோல் மின்னும். நம்பாதே. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறல்களை மூடிக்கொண்டு நிற்கும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார். அப்போது தெரிவதுதான் உண்மையான பளபளப்பு. இதைச் செய்யாமல் விட்ட படகுதான் சில வாரங்களில் மறுபடி வெளுக்கிறது.

பிறகு வேக்ஸ். மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் துணியால் துடை. சில மணி நேரம் கழித்து இன்னொரு கை. நம் வெயிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடு. தண்ணீர் முத்தாக உருளாமல் பரவினால் அதற்கு முன்பே போடலாம். பாத்திரம் கழுவும் சோப்பு வேக்ஸைக் கழற்றிவிடும். கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓட்டுப் பூச்சி) ஏறாமல் தடுக்கும் ஆண்டிஃபவுலிங் பெயிண்ட் அடிக்கிற அடிப்பகுதியில் வேக்ஸ் படக்கூடாது, பெயிண்ட் பிடிக்காது, கொட்டலசு ஏறிவிடும்.

நாலாவது படத்தில் இருக்கும் விரிசல் பாலிஷில் போகாது. அதை V-ஆகக் கீறி, அசிட்டோனால் துடைத்து, ஜெல்கோட் நிரப்பவேண்டும். 100 கிராமுக்கு 2 கிராம் கேட்டலிஸ்ட் (ஜெல்கோட்டை இறுகவைக்கும் திரவம்), தராசில் நிறுத்துப் போடு. ஒரு கிராமுக்குக் கீழே போனால் முழுதாக இறுகாது. மேலே பாலிதீன் தாள் ஒட்டு, காற்றுப் பட்டால் மேல்தோல் பிசுபிசுப்பாகவே நிற்கும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் எந்தக் காலத்திலும் நேராகச் சேர்த்துவிடாதே, வெடிக்கும். ஆக்சிலரேட்டர் தனியாகச் சேர்க்கவேண்டிய ஜெல்கோட் என்றால் அதை முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகு கேட்டலிஸ்ட். விரிசலை முடித்துவிட்டு வேக்ஸுக்குப் போ. வேக்ஸ் பட்ட இடத்தில் ஜெல்கோட் ஒட்டாது.

வலப்பக்கம் ஒரு சதுர அடி மட்டும் செய்து, கழுவியபின் படம் அனுப்பு. மெஷினை அதற்குப் பிறகு வாடகைக்கு எடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா