லூவனில் படிக்கும் மகளுக்கு

காட்பாடி

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் பாட்டியும் நலம். உன் நலம் ஞாயிறுதோறும் தொலைபேசியில் தெரிந்துவிடுவதால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பெல்ஜியத்தில், டச்சு பேசும் ஊரான லூவனில் உனக்கு அரசியல் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ரொட்டிக் கடையில் நீ டச்சில் இரண்டு சொல் பேசுவதற்குள் கடைக்காரப் பெண் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். ஆகவே டச்சு வகுப்பை அடுத்த பருவத்தோடு விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். வாயால் மறுத்தால் சண்டையாகிவிடும் என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். பத்திரம் எழுதிப் பிழைப்பவனுக்குப் பேச்சைவிட எழுத்துதானே கைவரும்.

1968இல் உன் பல்கலைக்கழகத்தை மொழியின் பெயரால் இரண்டாக்கி, பிரெஞ்சுப் பிரிவை அனுப்பிவைக்க லூவன்-லா-நவ் என்று ஒரு புதிய ஊரையே எழுப்பிய கதையைச் சொல்லிச் சிரித்தாய். நூலகத்தில் ஒற்றைப்படை எண் கொண்ட நூல்கள் ஒரு பக்கத்துக்கும் இரட்டைப்படை மறுபக்கத்துக்கும் போயின என்றபோது, "பைத்தியக்காரத்தனம் அப்பா" என்றாய். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஒரே கிணற்றில் அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிய கை இது. அப்படி எழுதச் சொல்லி வருகிறவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர். ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் நம்ப முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். பெல்ஜியம் நாடாகப் பிறந்தது 1830இல். ஆனால் மக்களில் பெரும்பாலோர் பேசும் டச்சில் முழுமையாகப் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் கெண்ட் நகரில் முதன்முதலாக வந்தது 1930இல்தான் என்று படித்தேன். நூறு வருடம் அம்மா! அவ்வளவு காலம் கல்லூரியில் பிரெஞ்சுக்கு முன் தன் பேச்சு செல்லாக்காசாக இருந்ததைப் பார்த்தவனின் பேரன், பங்கு பிரிக்கும்போது புத்தகத்தைக்கூட எண்ணித்தான் பிரிப்பான்.

நம் பக்கத்தை எடுத்துக்கொள். 1911 வரை வட ஆற்காட்டு மாவட்டத்துக்குத் தலைநகர் சித்தூர்; இன்று அங்கே போக மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1இல். பெல்ஜியத்திலும் 1963இல் ஃபூரன் பகுதியின் ஆறு சிற்றூர்களை பிரெஞ்சு பேசும் லியேஜ் மாகாணத்திலிருந்து எடுத்து டச்சு பேசும் லிம்பர்கில் சேர்த்தார்கள். தனக்கு டச்சு தெரியும் என்று நிரூபிக்க மறுத்த அவ்வூர் மேயரின் விவகாரத்தில் 1987இல் நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. இதையெல்லாம் ஆங்கிலப் புத்தகத்தில் நானே படித்துக்கொள்கிறேன். அதற்கு நீ அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் எல்லைப்புறக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி, மகன் பெயருக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்க வந்திருந்தார். நன்றாகவே தமிழ் பேசினார். வரைவை நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம் வரை வந்ததும் எனக்கு என்னவோ தோன்றி, முதலிலிருந்து தெலுங்கில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். தாம் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்ற வரி எங்கே என்று கேட்டார். அந்த வரி வரைவில் இல்லை. மகன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழில் தலையாட்டியது மரியாதைக்கு. தெலுங்கில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. முப்பது வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்ளும் எனக்கு அன்று வெட்கமாகப் போய்விட்டது. மகன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆயுட்கால அனுபோக பாத்தியதையைச் சேர்த்து மறுபடி தட்டச்சு செய்யக் கொடுத்தேன்.

உன்னிடம் ஆங்கிலத்தில் பேசும் உன் வகுப்புத் தோழர்களும் ஒரு வகையில் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். மொழித் தகராறு பற்றி விருந்தாளிக்குச் சொல்வது ஒன்று, வீட்டுக்குள் தாத்தாவோடு சாப்பிடும்போது சொல்வது வேறு. அந்த இரண்டாவதைக் கேட்கும் அளவுக்காவது டச்சு வேண்டும். பிரெஞ்சு உனக்கு ஏற்கெனவே கொஞ்சம் வரும் என்பதால் இன்னும் அவசியம். ஒரு பங்காளியின் பாஷையை மட்டும் தெரிந்துகொண்டு பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த பத்திர எழுத்தரை யாரும் நம்பமாட்டார்கள்.

மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். வகுப்புக் கட்டணம் தனி என்றால் எவ்வளவு என்று எழுது, மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன். ரொட்டிக் கடைக்காரப் பெண்ணிடம், "எனக்காக மெதுவாக டச்சிலேயே பேசுங்கள்" என்று கேட்பது எப்படி என்று உன் ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு வாக்கியத்தை எனக்குச் சொல்லிக் காட்டு; நான் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறேன்.

அம்மா வேர்க்கடலைப் பொடி பார்சல் கட்டியிருக்கிறாள். போன தடவை போல டப்பா மூடி கழன்றுவிடாதிருக்க இந்த முறை நானே டேப் ஒட்டினேன்.

அன்புடன்,
அப்பா