இங்கிலாந்தில் தபால் வாக்கு: விண்ணப்பிக்கும் முன் படியுங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தபால் வாக்கு கேட்க முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இங்கு வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் பதியலாம். பதிவுக்குக் கடைசி, தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்பு. தபால் வாக்கு விண்ணப்பம் 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் கவுன்சிலுக்கு (உங்கள் உள்ளூர் மன்றத்துக்கு) போய்ச் சேர வேண்டும்.

விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும் (வேலை, வரிக்கான அரசு அடையாள எண்) அரசுப் பதிவோடு ஒத்துப் பார்க்கப்படும். தகப்பன் பெயரை முன்னே பின்னே மாற்றி எழுதுவதுதான் நம்மவர்களுக்கு வரும் வில்லங்கம். ஒத்துப்போகாவிட்டால் கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும். ஆன்லைனில் என்றால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கையெழுத்திட்டு, படமெடுத்து ஏற்றுங்கள். அந்தக் கையெழுத்தை மறந்துவிடாதீர்கள்!

ஏனெனில் வாக்குச்சீட்டோடு வரும் உறுதிமொழிப் படிவத்தில் அதே கையெழுத்து வேண்டும். பிறந்த தேதிக்கான கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினால் வாக்கு செல்லாது. ஒரே வீட்டில் நாலு பேர் என்றால் படிவங்கள் மாறிப்போகும். ஒருவர் முடித்து ஒட்டிய பிறகு அடுத்தவர் பிரிக்கட்டும். சீட்டு 'ஏ' உறைக்குள். அதுவும் படிவமும் 'பி' உறைக்குள்.

'பி' உறை தேர்தல் நாள் இரவு 10 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தபாலில் அனுப்பத் தாமதமானால், அந்த நேரத்துக்குள் வாக்குச்சாவடியில் படிவம் நிரப்பிக் கையில் கொடுங்கள். கவுன்சில் தபால்பெட்டியில் போட்டால் நிராகரிப்பார்கள்.

தபால் வாக்கு அனுமதி அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். பழைய அனுமதி வைத்திருப்பவர்கள் தேதியைப் பாருங்கள்.