கத்தி சின்னதாகவே இருக்கட்டும்

கோதன்பர்க், ஸ்வீடன்,
செப்டம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பின்லாந்தில் டாம்பெரேயில் வீடு கிடைத்ததும், தங்கச்சிக்கு பின்னிஷ் வகுப்பில் இடம் கிடைத்ததும் படித்து நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே சவுனா என்கிற நீராவிக் குளியலறை இருக்கிறதாம், அதில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறாயாம். அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் வேறு எதுவும் இருக்க முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை விளம்பரம் உட்பட படிக்கிறாராம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் ரகசியம் பேச வேண்டுமென்றால் சட்டென்று ஸ்வீடிஷுக்கு மாறிவிடுகிறார்கள். எங்களுக்குப் புரியாது என்று நினைப்பு.

சரி, கத்தி விஷயத்துக்கு வருகிறேன். காட்டுக்குப் போனால் விறகு பிளக்க 60 யூரோவுக்குள் எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய மூன்று படத்தையும் பார்த்தேன். மூன்றுமே வேண்டாம் மாப்ளே. கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், கால் அங்குலக் கனம், பிடிக்குள்ளே தீப்பெட்டி வைக்க ஓட்டை. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரம்பப் பல்லால் சுண்டுவிரல் கனக் குச்சியைக்கூட ஒழுங்காக அறுக்க முடியாது. விறகைப் பிளக்கக் கத்தியின் முதுகில் கட்டையால் அடிப்போம், அப்போது அந்தப் பல்லெல்லாம் அடிக்கிற கட்டையைத்தான் குதறும். பிடி ஓட்டையாக இருந்தால் அலகு பிடியோடு சேரும் இடம்தான் முதலில் உடையும். அந்த விலையில் வரும் மினுமினுப்பான எஃகு பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கும், நாலு விறகைப் பிளப்பதற்குள் வாய் மழுங்கிவிடும்.

உன் கண் ஏன் அந்தப் பெரிய கத்திமேல் போனது என்று எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் மானாமதுரைக்காரர்கள். நமக்குக் கத்தி என்றால் அருவாள்தான். திருப்பாச்சேத்திப் பட்டறையில் லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து, வளைத்து, முன்பக்கம் கனம் விழுகிற மாதிரி செய்துகொடுப்பார்கள். கையை ஓங்கினால் போதும், மீதியை அந்தக் கனமே பார்த்துக்கொள்ளும். அருவாள் அப்படி இருப்பதற்கு நம் ஊர் மரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சீமைக்கருவேலத்தை நினைத்துப் பார். கோணிக்கொண்டு வளரும், முள், கணு, பின்னிக் கிடக்கும் நார். அதை நேராகப் பிளக்கலாம் என்று கனவுகூடக் காண முடியாது, வெட்டித்தான் ஆகவேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் கையில் இத்தனூண்டு கத்தியைக் கொடுத்தால் சிரிப்பார்கள்.

உன் பக்கத்துக் காடு வேறு. பிர்ச், ஸ்ப்ரூஸ், பைன் மூன்றும் நெட்டையாக வளர்பவை. நார் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய நேராக ஓடும். கணு இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்து, தலையில் கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தானே வாயைப் பிளக்கும். ஆகவே அங்கே ஓங்கி வெட்டுகிற வேலை கத்திக்கு இல்லை. அறுப்பது ரம்பத்தின் வேலை. சின்னதாகப் பிளப்பதும் சீவுவதும்தான் கத்தியின் வேலை. அந்த இரண்டுக்கும் ஒரு சாண்கூட வேண்டாம், அரைச் சாண் நீள அலகு போதும்.

உன் 60 யூரோவை நான் எப்படிச் செலவழிப்பேன் என்று சொல்கிறேன். பாதிக்கு மோரா கத்தி, பாதிக்கு மடக்கு ரம்பம். அவ்வளவுதான்.

மோரா என்பது இங்கே டாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். அமெரிக்கா போய்விட்டுத் திரும்பிய ஒருவர் 1891-இல் அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். 1912-இல் அதே பகுதியில் இன்னொருவர் தொடங்கினார். 2005-இல் இரண்டும் ஒன்றாகி இன்றைக்கு மோராக்னிவ் என்று விற்கிறது. இந்த நாட்டில் தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் யாரைப் பார்த்தாலும் வேலைக் கால்சட்டையில் அந்த பிளாஸ்டிக் உறை தொங்கும். பள்ளிக்கூடத்திலேயே கைத்தொழில் கட்டாயப் பாடம். எங்கள் பெரியவன் போன வருஷம் பிர்ச் கட்டையில் ஒரு வெண்ணெய்க் கத்தி செதுக்கிக்கொண்டு வந்தான். வெண்ணெய் தடவ முடியாது, ஆனால் அவன் அம்மா அதை ஷோகேஸில் வைத்திருக்கிறாள்.

மோராவிலேயே பல வகை உண்டு. சாதாரண கம்பேனியன் கத்தியில் அலகு 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே, கனம் 2 அல்லது 2.5 மி.மீ. சீவுவதற்கு, மீன் அறுப்பதற்கு, வெங்காயம் நறுக்குவதற்கு அதைவிட நல்லது இல்லை. விறகையும் பிளக்கும், ஆனால் ஆப்பு மாதிரி விரித்துப் பிளக்கிற கனம் அதற்கு இல்லை, அடிக்க அடிக்க இறுகிக்கொள்ளும். உனக்கு விறகு வேலைதான் முக்கியம் என்பதால் அதே கம்பேனியனில் ஹெவி டியூட்டி என்று கேட்டு வாங்கு. நீளம் அதேதான், கனம் மட்டும் 3.2 மி.மீ. இந்தச் சின்ன வித்தியாசம் கையில் எடுத்தால் தெரியாது, கட்டையில் இறக்கினால் தெரியும். விலை கடைக்குக் கடை மாறும், மோட்டோநெட் மாதிரிக் கடையில் விசாரித்துப் பார். அதே கனத்தில், இரும்பு பிடியின் அடி வரை ஒரே துண்டாகப் போகிற கார்பெர்க் என்ற கத்தியும் இருக்கிறது. நல்ல கத்திதான், ஆனால் அதை வாங்கினால் ரம்பத்துக்குக் காசு மிஞ்சாது.

உடனே நீ கேட்பாய், பிடிக்குள் முழுசாக இரும்பு போகாவிட்டால் உடைந்துவிடாதா என்று. கத்திப் பிரியர்கள் எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். கம்பேனியனில் இரும்பு பிடியின் முக்கால்வாசி வரைதான் போகிறது என்பது உண்மை. உடைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு கணுவில் வைத்து அடித்தால் உடையும். மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் பிளக்கப் போவதில்லை என்றால் உடையாது. இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஜனவரியில் அங்கே மைனஸ் 20 வரும். அந்தக் குளிரில் பிடியின் ஓரத்தில் இரும்பு வெளியே தெரிகிற கத்தியை வெறுங்கையால் பிடித்துப் பார், அப்புறம் இந்த ரப்பர் பிடியைக் கும்பிடுவாய்.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டிருந்தாய். கார்பன் சீக்கிரம் கூராகும், சீக்கிரம் துருவும் ஏறும். ஈரத்தோடு உறையில் போட்டு மறந்துவிட்டால் மறுநாளே புள்ளி புள்ளியாகச் செம்மண் நிறம். உன் சுபாவம் எனக்குத் தெரியும், ஸ்டெயின்லெஸ்ஸே வாங்கு. நெருப்பு மூட்டச் சுரண்டுகிற ஃபெரோ கம்பியில் பொறி பறக்க கார்பன்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்தக் கம்பியைச் சுரண்டக் கத்தி முதுகின் விளிம்பு கூராக இருந்தால் போதும், எந்த எஃகும் செய்யும். உன் கத்தியில் விளிம்பு மழுங்கலாக இருந்தால் அரத்தால் கொஞ்ச இடம் மட்டும் தேய்த்துக்கொள். இல்லையென்றால் இரண்டு யூரோ லைட்டர் வாங்கு. நான் லைட்டர்தான் வைத்திருக்கிறேன்.

வாய் தீட்டியிருக்கிற விதம்தான் இந்த நாட்டுக் கத்திகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அலகின் நடுவிலிருந்து ஒரே அகலச் சரிவாகக் கூர் வரை இறங்கும். தீட்டும்போது அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்தால் கோணம் தானாகவே சரியாக அமையும், சாணைக்காரர் தேவையில்லை. கல் இல்லாவிட்டால் தட்டையான பலகையில் 400, 800, 1200 நம்பர் உப்புத்தாளை ஒட்டிக்கொள். கூரை முன்னால் தள்ளாமல் பின்பக்கமாக இழு, இல்லாவிட்டால் தாள் கிழியும்.

ரம்பத்துக்கு பாகோ கம்பெனியின் லாப்லாண்டர். 19 செ.மீ. அலகு, மடக்கினால் பையின் பக்கவாட்டுப் பையில் நிற்கும். நீ மலைக்கிற வேலையில் முக்கால்வாசியை இதுதான் செய்யப்போகிறது. காய்ந்த கட்டையை 20, 25 செ.மீ. துண்டாக அறுத்துக்கொள். துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு சுலபமாகப் பிளக்கும். ஆளுயரக் கட்டையை அப்படியே பிளக்கப் போகிறவன்தான் பெரிய கத்தி வேண்டும் என்று அலைகிறான்.

பிளக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், நேரில் காட்ட முடியாதே. கீழே இன்னொரு தட்டையான கட்டையைப் போட்டுக்கொள், பாறைமேல் வைத்து அடிக்காதே. முட்டி போட்டு உட்கார், கத்தி வழுக்கி இறங்கினால் தொடை அந்தப் பாதையில் இருக்கக் கூடாது. அலகு கட்டையைவிட மூன்று நான்கு செ.மீ. நீளமாக வெளியே நிற்க வேண்டும். உன் பத்து செ.மீ. அலகுக்கு ஆறு ஏழு செ.மீ. கட்டைதான் கணக்கு. கத்தியை மட்டமாகப் பிடித்து முதலில் மெல்லத் தட்டி இறக்கு, முதுகு உள்ளே போனதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிப்பக்கத்தில் அடி. அடிப்பதற்கு மணிக்கட்டுக் கனக் கட்டை போதும், எக்காரணம் கொண்டும் சுத்தியல் வேண்டாம். நடுவில் சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் நெம்பாதே, கத்தி உடைவது பெரும்பாலும் அங்கேதான். குச்சியைச் சீவி ஒரு ஆப்பு செய்து பிளவில் வைத்து அடி, கத்தி தானாக வெளியே வந்துவிடும்.

உங்கள் தேசியப் பூங்காக்களில், அதாவது உனக்குப் பக்கத்தில் சைத்செமினென், ஹெல்வெதின்யார்வி மாதிரி இடங்களில், நெருப்பு மூட்ட ஒதுக்கிய இடத்தில் விறகை அவர்களே அடுக்கி வைத்திருப்பார்கள். பல இடத்தில் கோடாரியும் கிடக்கும். அந்த விறகு தடியாக இருக்கும், உன் கத்திக்கு அடங்காது. நடுவில் பிளக்கப் பார்க்காதே, ஓரத்திலிருந்து விரல் கனத்துக்குச் சிம்பு சிம்பாக உரித்து எடு. அதில் நாலைந்தை நுனிவரை சுருள் சுருளாகச் சீவிவிட்டால் போதும், கீழே உதிர்ந்து கிடக்கும் பிர்ச் பட்டையைப் பற்றவைத்து அதன்மேல் போடு. பிர்ச் பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நனைந்திருந்தாலும் எரியும். நிற்கிற மரத்தில் மட்டும் உரிக்காதே, அது குற்றம்.

இன்னும் இரண்டு சட்டம். அங்கே காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், கூடாரம் போடலாம். ஆனால் திறந்தவெளியில் நெருப்பு மூட்ட நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் அனுமதி இருந்தாலும் கூடாது. அப்புறம், கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் எடுத்துப்போகக் கூடாது என்று பின்லாந்தில் 2003-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, இங்கே ஸ்வீடனில் அதற்கு முன்பிருந்தே உண்டு. காட்டுக்குப் போவது நியாயமான காரணம்தான். அதற்காக இடுப்பில் கட்டிக்கொண்டு டிராமில் ஏறாதே, பைக்குள் அடியில் போட்டுக்கொள். திரும்பி வந்ததும் வீட்டில் எடுத்து வைத்துவிடு.

கோடாரியும் இப்போதே வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். குளிர்காலத்தில் ஏரிக்கரையில் ராத்தங்கலுக்குப் போகும் அளவுக்கு உனக்கு ஆசை மிஞ்சியிருந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம். அப்போது உங்கள் நாட்டு ஃபிஸ்கார்ஸ் கைக்கோடாரியே வாங்கு, 1649-இல் தொடங்கிய இரும்பாலை, நம் தாத்தாவின் தாத்தாவுக்கும் முந்தையது. எங்கள் ஊர்க் கையடிக் கோடாரிகள் அழகு, ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அக்டோபர் மூன்றாவது வாரம் எனக்கு லீவு இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் கப்பலேறி துர்க்குவில் இறங்கினால் அங்கிருந்து டாம்பெரேக்கு ரயில். உனக்கு எந்த நாள் தோதுப்படும் என்று தங்கச்சியைக் கேட்டு எழுது. கத்தியை அதற்கு முன்னாலேயே வாங்கி வை, ரம்பம் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொண்டுவருகிறேன். அந்த 30 யூரோவில் நல்ல கம்பளிச் சாக்ஸ் வாங்கு.

அன்புடன்,
முருகேசன்