திரங்கானு அவ்வளவு தூரமில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பா,

கடைசித் தாள் நேற்று முடிந்தது. நீ புலனத்தில் அனுப்பியிருந்த குரல் பதிவை இன்றைக்குத்தான் நிதானமாக உட்கார்ந்து கேட்டேன். "அம்மா பினாங்குதான்னு சொல்றாங்க, டீச்சரும் பினாங்குதான்னு சொல்றாங்க, நீ என்னக்கா சொல்றே?" என்று கேட்டிருந்தாய். புலனத்திலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் போவதற்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போடுவது என்று தவிக்கிற பிள்ளைகள் உன்னைப் போல் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா, "பக்கத்திலேயே படி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் உயிரியல்தான் வேண்டும் என்று நீ உறுதியாக இருந்தால், முதல் தெரிவாகக் கிழக்குக் கரையிலுள்ள திரங்கானுப் பல்கலைக்கழகத்தைப் போடு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் என் செமஸ்டர் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

இந்தப் பருவம் முழுக்கக் கல்லோடுதான் போனது. முதலாம் ஆண்டில் எல்லாமே பொதுப்பாடம் மாதிரி இருந்தது. இப்போதுதான் நிலவியல் படிக்கிறோம் என்ற உணர்வே வந்திருக்கிறது. வாரத்தில் ஒரு பிற்பகல் முழுக்க நுண்ணோக்கியோடு உட்கார வேண்டும். பாறையைச் சின்னதாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்துக் கொடுப்பார்கள். அந்த அளவுக்கு மெலிந்ததும் கல்லுக்குள் வெளிச்சம் புகுந்துவிடும். நான் பார்த்த முதல் துண்டு சாதாரண கிரானைட். சாலையோரம் கிடந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். துண்டுக்குக் கீழே ஓர் ஒளி வடிகட்டி, மேலே ஓர் ஒளி வடிகட்டி போட்டுத் தட்டைச் சுழற்றினேன். குவார்ட்ஸ் சாம்பல் நிறத்திலிருந்து வெளுத்து, மறுபடியும் இருண்டது. ஃபெல்ட்ஸ்பாரில் கறுப்பும் வெள்ளையுமாக நேர்க்கோடுகள் எழுந்தன. மைக்கா மட்டும் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று மின்னியது. எழுந்து வரவே மனமில்லை பாப்பா. விரிவுரையாளர் விளக்கை அணைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"கல்லைப் படிச்சு என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்று மாமா தீபாவளிக்கு வந்தபோதும் கேட்டார். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் அதிகாலை மண் சரிந்து, கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்துபோனது? அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் நான் நிலவியல் படிக்கப்போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்தேன். ஒரு சரிவு எப்போது நிற்கும், எப்போது விழும் என்று படிக்கிற பாடம் இந்தப் பருவத்தில்தான் தொடங்கியது. 1993-ல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததையும் வகுப்பில் விரிவாகப் பார்த்தோம். சரிவில் இறங்கும் மழைநீருக்கு வழி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று விரிவுரையாளர் பலகையில் வரைந்துகொண்டே போனார். வகுப்பில் ஒரு சத்தமில்லை. மாமாவிடம் சொல், மழை நிறையப் பெய்யும் இந்த நாட்டில் மலைச்சரிவில் வீடு கட்டும்வரை இந்த வேலைக்குத் தேவை இருக்கும்.

கோலாலம்பூரைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. இந்த நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புக்கல், அதில் தண்ணீர் அரித்த பொந்துகள். இரட்டைக் கோபுரத்தை முதலில் திட்டமிட்ட இடத்தில் கட்ட முடியாமல் 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். அடித்தளத் தூண்கள் 114 மீட்டர் ஆழம்வரைகூட இறங்கியிருக்கின்றன. அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கும் ஆட்களுக்கு நடுவில் நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தைப்பூசம் தேர்வுக் காலத்தில் வந்ததால் வீட்டுக்கு வர முடியவில்லை. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாத தைப்பூசம் எனக்கு நன்றாகவே இல்லை. தேர் வரும் வழியெல்லாம் குவித்து வைத்து உடைக்கும் தேங்காய், அந்த ஈரமான வாசனை, அதெல்லாம் பினாங்கில்தான். ஆனால் இங்கே விடுதியில் செகாமட்காரி ஒருத்தி பால்குடம் எடுத்தாள். அவளோடு நாங்கள் சிலர் கொமூட்டரில் பத்துமலைக்குப் போனோம். 272 படியும் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினேன். குகைக்குள் நின்று மேலே பார்க்கும்போது வேறொன்று தோன்றியது. அந்த மலை சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியில் படிந்தது. அப்புறம் பூமிக்குள் வெந்து, பளிங்காகி, மேலே எழும்பியது. முருகன் இப்போது நிற்கிற இடத்தில் அன்றைக்குக் கடல் பிராணிகள் இருந்தன. உடனே உன் நினைவுதான் வந்தது. நான் பழைய கடலைப் படிக்கிறேன், நீ உயிரோடு இருக்கிற கடலைப் படிக்க ஆசைப்படுகிறாய். இதில் எது பெண் பிள்ளைக்கு ஆகாதது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நண்பர்கள். அம்மாவின் கவலையே அதுதானே, "அங்க நம்ம ஆளுங்க யாரு இருக்கா?" என்று.

என் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வளாகத்தில் தமிழுக்குக் குறைவில்லை. 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது கோலாலம்பூரில்தான். அதை முன்னின்று நடத்திய தனிநாயக அடிகள் அப்போது இதே மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் இருந்தவர். இங்குள்ள தமிழ்ப் பேரவை 'பேரவைக் கதைகள்' என்ற சிறுகதைப் போட்டியை நடத்துகிறது. செகாமட்காரி அதற்காக ஒரு கதை எழுதிவிட்டு, இரவு இரண்டு மணிக்கு எங்களை எழுப்பி வாசித்துக் காட்டினாள். நல்ல கதை. முடிவை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறோம். வார இறுதியில் எல்லோரும் எல்.ஆர்.டி. பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுவோம். மாதக் கடைசியில் 'மாமாக்' என்கிற தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய், பால் இல்லாத தே ஓ. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பணம் வந்த வாரம் வேறு, வராத வாரம் வேறு. அதை இங்கே வந்தால் நீயே தெரிந்துகொள்வாய்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவள் யார் தெரியுமா? என் அறைத்தோழி. கோத்தா பாருவிலிருந்து வந்தவள். முதல் சில வாரங்கள் அவள் வீட்டோடு போனில் பேசும் கிளந்தான் மலாய் எனக்குத் துளியும் புரியவில்லை. சென்ற ரமலானில் நோன்புக்கு முன் சாப்பிடும் சஹூர் நேரத்துக்கு எழும்போது, என் தூக்கம் கெடக்கூடாது என்று போன் வெளிச்சத்திலேயே துழாவித் துழாவிச் சாப்பிடுவாள். அது தெரிந்த பிறகு நானே எழுந்து விளக்கைப் போட்டு அவளுக்கு மைலோ கலக்க ஆரம்பித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவமனை வரிசையில் எனக்காக நின்றவளும் அவள்தான். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. காய்ச்சல் என்று கேட்டால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்.

போன நீண்ட விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போய் வந்ததை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதி இதுதான்.

கோலாலம்பூரிலிருந்து இரவு பஸ். குவா மூசாங் தாண்டும்போது இருட்டில் சுண்ணாம்புமலைகள் கரிய சுவர் மாதிரி எழுந்து நின்றன. காலையில் அவள் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். சமையலறைக்குக் கூட்டிப்போய் முதலில் காட்டியது ஒரு குவாலி, நம் வாணலிதான். புத்தம் புதியது, கைப்பிடியில் விலைச்சீட்டைக் கிழித்த பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். வீட்டில் இருக்கும் குவாலியில் அது வெந்திருக்கும், அதில் உனக்குச் சமைக்க மனம் வரவில்லை என்று சொல்லி, எனக்காகத் தனியாக ஒன்று வாங்கிவைத்திருக்கிறார். நான் யார் அவருக்கு? அதில்தான் நான் அங்கே இருந்தவரை மீனும் முட்டையும் பொரித்தார். நாசி கெராபு செய்த அன்று அரிசிக்கு நீல நிறம் ஏற்ற என்னையே சங்குப்பூ பறித்துவரச் சொன்னார். நம் அம்மா சாமிக்கு வைக்கும் அதே பூ. மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் 'புடு' குழம்பு மட்டும் எனக்கு இறங்கவில்லை. அந்த வாடைக்குப் பழக இன்னும் நாளாகும்.

அங்கே நம்மவர்கள் குறைவுதான். கிளந்தான் மாநிலத்துக்கே ஒரே ஒரு தமிழ்ப்பள்ளி, பாசிர் காஜா தோட்டத்தில். திரங்கானுவில் அதுவும் கிடையாது. இதை மறைத்து உன்னை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கும். தமிழில் வாய்விட்டுப் பேச ஆள் தேட வேண்டியிருக்கும். சில இரவுகளில் அழுகை வரும். எனக்கு இங்கேயே வந்தது, இத்தனை தமிழர்களுக்கு நடுவில்.

ஆனால் உனக்குக் கடல்தானே வேண்டும்? மலேசிய திரங்கானு பல்கலைக்கழகம் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீடோங் தீவில் அவர்களுக்கு ஆய்வு நிலையம் உண்டு. ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கடற்கரையில் கடலாமைகள் முட்டையிட வருவதைப் பார்த்துப் பாதுகாக்கிற குழுவும் அவர்களுடையதுதான். பத்து வயதிலிருந்து நீ நோட்டுப்புத்தகத்தில் வரைந்துகொண்டிருப்பது ஆமைதானே? பினாங்கை நான் குறைவாகச் சொல்லவில்லை. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு (யூ.எஸ்.எம்.) முக்கா ஹெட்டில் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது, நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே உனக்குப் பிடித்த பாடம் இருந்து, அதற்காக அதைப் போட்டால் எனக்கு மகிழ்ச்சி. வாராவாரம் பட்டர்வொர்த் வந்து வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக மட்டும் போடாதே.

அம்மாவின் பயத்தையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். அவர் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டுக் கிளம்பியபோது கோயிலும் பள்ளியும் பக்கத்து வீட்டு ஆட்களும் திசைக்கொன்றாகப் போனார்கள். ஊர் மாறுவது என்றாலே இருப்பதை இழப்பது என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். தானாக விரும்பி ஓர் ஊருக்குப் போகும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவே இல்லை. அதனால் அவரிடம் சண்டை போடாதே. "நீங்க பழைய காலம்" என்று சொல்லாதே. நான் வந்து பேசுகிறேன்.

அப்பா நம் பக்கம்தான் என்று நினைக்கிறேன். கோத்தா பாருவிலிருந்து நான் வீட்டுக்கு வந்தது ஜெலி, கிரிக் வழியாக, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில். யானை கடக்கும் இடம் என்று வழியெல்லாம் பலகை. மேகம் சாலையிலேயே இறங்கி நின்றது. அப்பா லோரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ தடவை போன சாலை. நான் வந்து இறங்கியதும், "தாசிக் பண்டிங் பாலத்துல நிறுத்தினாங்களா?" என்று அவர் கேட்ட குரலை நீ கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். அவருக்கு அது தூரமே இல்லை.

இ.டி.எஸ். ரயில் டிக்கெட் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு சுங்கைப் பட்டாணி வந்துவிடுவேன். சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, அப்பாவின் மோட்டாரில் உன்னை மெர்போக் கூட்டிப்போகிறேன். குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற பழைய கற்கோயிலைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! பள்ளிச் சுற்றுலாவில் போனபோது கடாரம், ராஜேந்திர சோழன் என்று கதை கேட்டுவிட்டு வந்துவிட்டோம். இந்த முறை அந்தக் கற்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லென்ஸ் கொண்டுவருகிறேன். மலையேறச் சொல்ல மாட்டேன், செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சமைத்து முடித்து உட்காரும் நேரம் பார்த்துப் பேசலாம். என் அறைத்தோழி தன் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். தேவைப்பட்டால் இரண்டு அம்மாக்களையும் பேச வைப்போம். நம் அம்மாவின் மலாய் அதற்குப் போதும். திரங்கானுவுக்குப் போகிற பிள்ளைக்குக் கோத்தா பாருவில் ஒரு வீடு இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.

அதுவரை விண்ணப்பத்தை அனுப்பிவிடாதே. டீச்சர் கேட்டால், அக்கா வந்ததும் முடிவு செய்கிறோம் என்று சொல். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து என்ன வாங்கிவர வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு வியாழக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா